குச்சியைத் திருகிப் பார்க்கணுமா, திருகாமலா? பைக் ஆயில் கேள்வி பதில்

டூவீலர் பட்டறையில் 27 வருடம் கை கறுத்தவன் என்ற ஒரே தகுதியில் பதில் சொல்கிறேன். கேள்விகளைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.

அண்ணே, என் ஸ்பிளெண்டரில் காலையில் பார்த்தால் ஆயில் அளவுக் குச்சியின் மேல்கோட்டில் நிற்கிறது. ஆபீஸிலிருந்து வந்ததும் பார்த்தால் கீழ்க்கோட்டுக்கும் கீழே. எதை நம்புவது?

இரண்டையும் நம்பாதீர்கள் தம்பி. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் ஆயில் மொத்தமும் அடியில் இறங்கியிருக்கும், அதனால் கூடுதலாகக் காட்டும். ஓட்டி வந்து நிறுத்திய கையோடு பார்த்தால் பாதி ஆயில் இன்னும் ஹெட்டிலும் கிளட்ச் பக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கும், அதனால் குறைவாகக் காட்டும். சமதளத்தில் டபுள் ஸ்டாண்ட் போட்டு, 3 நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு, அணைத்து, இன்னொரு 3 நிமிடம் பொறுத்துப் பாருங்கள்.

அப்புறம் அந்தக் குச்சி. முதலில் எடுக்கும்போது அதில் கண்டபடி ஆயில் பூசியிருக்கும். பனியன் வேஸ்ட்டால் துடைத்துவிட்டு மறுபடி விடுங்கள். ஸ்பிளெண்டரில் குச்சியோடு சேர்ந்த மூடியைத் திருகக் கூடாது, மரைமேல் சும்மா உட்கார வைத்தால் போதும். திருகினால் மரையின் உயரத்துக்குக் குச்சி கூடுதலாக முங்கி, குறைவாக இருக்கும் ஆயிலைச் சரியாக இருப்பதுபோல் காட்டிவிடும். முழுக்கத் திருகித்தான் பார்க்க வேண்டும் என்கிற வண்டிகளும் உண்டு. அதை உங்கள் வண்டியோடு வந்த கையேடுதான் சொல்லும். முக்கால்வாசிப் பேர் அதைப் பிளாஸ்டிக் உறையிலிருந்தே பிரிப்பதில்லை.

சைடு ஸ்டாண்டில் நிறுத்திப் பார்த்தேன், குச்சியில் ஆயிலே படவில்லை. பயந்துபோய் கால் லிட்டர் ஊற்றிவிட்டேன். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. சைடு ஸ்டாண்டில் வண்டி இடப்பக்கம் சாயும். பெரும்பாலான பைக்குகளில் ஆயில் மூடி இருப்பது வலப்பக்கம். ஆயில் இடப்பக்கம் ஒதுங்கிவிட்டது, அவ்வளவுதான். இப்போது டபுள் ஸ்டாண்டில் பாருங்கள், மேல்கோட்டைத் தாண்டியிருக்கும். அப்படியே ஓட்டினால் எஞ்சினுக்குள் சுழலும் தண்டான கிராங்க் ஆயிலை அடித்து நுரையாக்கும். நுரைத்த ஆயில் எங்கேயும் ஒழுங்காக மசகு போடாது. மிச்சம் எஞ்சின் மூச்சுவிடும் பிரீதர் குழாய் வழியாக ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் போய்ச் சேரும், சைலன்ஸரில் புகையும் வரலாம். டிரெயின் நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, கூடுதலை வடித்துவிடுங்கள். இனிமேல் ஊற்றினால் அரை டீ கிளாஸ் ஊற்றிப் பார்த்து, தேவைப்பட்டால் இன்னொரு அரை கிளாஸ்.

என் வண்டிக்கு டபுள் ஸ்டாண்டே இல்லை. குச்சிக்குப் பதிலாக வட்டக் கண்ணாடிதான்.

ஒருவர் வண்டியை நேராகப் பிடிக்கட்டும், இன்னொருவர் குனிந்து பார்க்கட்டும். தனி ஆள் என்றால் சீட்டில் உட்கார்ந்து நேராக நிமிர்த்தி, செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருந்தால் சரி.

அப்பாவின் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் 2 மாதமாகக் கொட்டகையில் நிற்கிறது. குச்சியில் துளி ஆயில் இல்லை, கீழே கசிந்த கறையும் இல்லை. எங்கே போனது?

எங்கேயும் போகவில்லை, வண்டிக்குள்ளேயேதான் இருக்கிறது. அந்த எஞ்சினில் ஆயிலுக்கென்று கிராங்க் கேஸிலேயே தனி அறை உண்டு. பம்ப் அங்கிருந்து எடுத்துச் சுற்றவிட்டு, திரும்பக் கொண்டு சேர்க்கும். வண்டி நாள்கணக்கில் நின்றால் அந்த அறையிலிருந்து ஆயில் மெல்ல பம்ப் வழியாகக் கசிந்து கிராங்க் அடியில் தேங்கிவிடும். அது தெரியாமல் புது ஆயில் ஊற்றியவர்கள் பிரீதரிலிருந்து ஆயில் பீய்ச்சி, பேன்ட்டைக் கறையாக்கிக்கொண்டு என்னிடம் வந்திருக்கிறார்கள். ஸ்டார்ட் செய்து சில நிமிடம் மெதுவாக ஓடவிடுங்கள், ஆயில் அறைக்குத் திரும்பிவிடும். அதன் பிறகு அளவு பாருங்கள். உதை கொஞ்சம் கனமாக இருக்கும், அப்பா பழகியவர்தான்.

நான் ஆயில் ஊற்றவே இல்லை. ஆனால் அளவு ஏறியிருக்கிறது!

குச்சியை மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் கார்புரேட்டரில் பெட்ரோல் வரத்தை அடைக்கும் ஊசியான ஃப்ளோட் நீடில் சரியாக அடைக்கவில்லை, பெட்ரோல் டேப்பை மூடாமல் நிறுத்தியிருக்கிறீர்கள். அந்த நீர்த்த ஆயிலோடு ஓட்டாதீர்கள். நீடிலைச் சரிசெய்து, ஆயிலையும் மாற்றுங்கள். பாலில் போட்ட காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் முங்கிய வண்டிகளில் இதைத்தான் பார்த்தோம். அப்படி முங்கிய வண்டியில் செல்ஃப் பட்டனைத் தொடாமல் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போங்கள்.

ஆயில் மாற்றி 500 கிலோமீட்டர்தான், அதற்குள் கறுத்துவிட்டது.

கறுக்கட்டும். எஞ்சினுக்குள் இருக்கும் கரியைத் தன்னோடு எடுத்துக்கொள்வதும் அதன் வேலைதான். நிறத்தை விட்டுவிட்டு அளவைப் பாருங்கள்.

காருக்கு வாங்கிய ஆயில் அரை டப்பா மிச்சம் இருக்கிறது சார். பைக்கில் குறைந்த அளவுக்கு அதை ஊற்றலாமா?

வேண்டாம். கியர் பைக்கில் பெரும்பாலும் கிளட்ச் தட்டுகளும் அதே ஆயிலில்தான் ஊறுகின்றன. சில கார் ஆயில்களில் வழுக்கலைக் கூட்டும் சரக்கு சேர்ப்பார்கள். அது பட்டால் கிளட்ச் வழுக்கும். திராட்டிலைத் திருகினால் சத்தம் ஏறும், வண்டி போகாது. டப்பாவின் பின்னால் ஜாசோ எம்ஏ (JASO MA) அல்லது எம்ஏ2 (MA2) என்ற தரக் குறியீடு போட்டிருக்கிறதா பாருங்கள். கியர் இல்லாத ஸ்கூட்டரில் கிளட்ச் ஆயிலில் ஊறுவதில்லை, அதனால் அதற்கு ஜாசோ எம்பி (MB).