குழந்தைகளோடு கல்ஃப் பயணம்: வாசகர் கேள்வி – பதில்

கணவர் ஷார்ஜாவில் இருக்கிறார். கோடை விடுமுறைக்கு இரண்டு பிள்ளைகளோடு 60 நாள் விசிட் விசாவில் போகிறோம். மூத்தவன் பாஸ்போர்ட்டில் 'அபின்' என்று மட்டும் இருக்கிறது, சர்நேம் கட்டம் காலி. இது சிக்கலாகுமா?
– வாசகி, மார்த்தாண்டம்

ஆகலாம். சர்நேம், கிவன் நேம் இரண்டில் ஒன்று காலியாக இருக்கும் பாஸ்போர்ட்டை விசிட் விசாவுக்கு ஏற்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. கடைசிப் பக்கத்தில் தந்தை பெயர் அச்சாகியிருந்தால் பரவாயில்லை என்று பிறகு தளர்த்தினார்கள். ஆனால் உங்களுக்கு போர்டிங் பாஸ் தருவது விமான நிறுவனத்தின் கவுண்டர். அமீரகத்தில் இறங்கவிடாமல் திருப்பி அனுப்பினால் கூட்டி வரும் பொறுப்பு அவர்கள் தலையில் விழும். அதனால் சந்தேகம் வந்தாலே நிறுத்திவிடுவார்கள்.

இனிஷியலோடு வாழும் நமக்கே உரிய வினை இது. பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட முடியாது, விரித்துத்தான் எழுத வேண்டும். சர்நேம் கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் பலர் காலியாக விட்டுவிடுகிறார்கள். கையில் இரண்டு மாதமாவது இருந்தால் ரீஇஷ்யூவுக்கு (மறுவெளியீட்டுக்கு) விண்ணப்பித்து, தந்தை பெயரை சர்நேமாகச் சேர்ப்பதே நிம்மதி. சிறுவர்களுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். நம் கன்னியாகுமரி மாவட்டம் மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் அப்பாயின்ட்மென்ட் எடுக்கலாம்.

அதற்கும் முன்னால் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். பெயர் வைக்கும் முன்பே பதிவு முடிந்துவிடுவதால், பிள்ளையின் பெயர்க் கட்டம் வெறுமையாகக் கிடக்கும் சான்றிதழ்கள் ஏராளம். பிறப்பைப் பதிந்த அலுவலகத்தில் பெயரை ஏற்றிவிட்டு பாஸ்போர்ட்டுக்குப் போங்கள். விசா அதன் பிறகு, டிக்கெட் எல்லாவற்றுக்கும் கடைசியில். ஆஃபரில் கிடைக்கிறதே என்று டிக்கெட்டை முதலில் போட்டவர்கள்தான் பெயர்த் திருத்தத்துக்குத் தண்டம் கட்டுகிறார்கள்.

60 நாள் கணக்கு அங்கே இறங்கிய நாளிலிருந்து ஓடும். தாண்டினால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 திர்ஹம் அபராதம். திரும்பும் டிக்கெட்டை 57ஆம் நாள் வாக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் இரண்டு நாள் தள்ள இடம் இருக்கும். கணவரின் எமிரேட்ஸ் ஐடி (அமீரக அடையாள அட்டை), வீட்டு வாடகை ஒப்பந்தம் இரண்டின் நகலும் கைப்பையில் இருக்கட்டும்.

மகளுக்குப் புதிதாக பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். அவள் அப்பா மஸ்கட்டில் இருக்கிறார், லீவு கிடைக்காது. நான் மட்டும் கையெழுத்துப் போட்டால் போதாதா?
– வாசகி, தக்கலை

அவர் வர வேண்டியதில்லை, ஆனால் அவர் சம்மதம் தாளில் வேண்டும். அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற பிரமாணப் பத்திரத்தின் அசலை அவர் அனுப்ப வேண்டும். நீங்கள் இங்கே 'அனெக்சர் டி' என்ற உறுதிமொழிப் படிவம் கொடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தின் பிரின்டை நம்பித் திருநெல்வேலிக்கு பஸ் ஏறாதீர்கள். நான்கு வயதுக்குள் என்றால் வெள்ளைப் பின்னணியில் எடுத்த போட்டோவும் கொண்டு போங்கள். பெரிய பிள்ளைகளுக்கு அங்கேயே போட்டோ எடுத்துக்கொள்வார்கள். சிறுவர் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுதான் செல்லும். கடைசி ஆறு மாதம் இருக்கும்போது பயணத்துக்கு உதவாது என்பதால், நடைமுறையில் நாலரை ஆண்டு என்றே கணக்கு வையுங்கள்.

துபாய்க்கு வீட்டுச் சாமான் என்னென்ன கொண்டு போகலாம்?
– வாசகர், குளச்சல்

நேந்திரங்காய் சிப்ஸ் தாராளமாக. கசகசா ஒரு மணிகூட வேண்டாம். இங்கே அது மளிகைச் சரக்கு, அங்கே போதைப்பொருள் சட்டத்தில் வருவது. பொட்டலமாக யாரும் கொண்டு போவதில்லை, வீட்டில் அரைத்த குருமாப் பொடிக்குள் இருப்பதுதான் மாட்டிவிடும். மசாலா அரைத்தவரிடம் கேட்டுவிட்டு பெட்டியில் வையுங்கள். வெற்றிலைக்கும் தடை உண்டு. கொப்பரை எண்ணெய்ப் பசையால் தானே சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது. விமானத்திலேயே ஏற்ற மாட்டார்கள். ஊறுகாய் பெரிய பெட்டியில், பவர் பேங்க் கைப்பையில். கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் வலி மாத்திரை போன்றவற்றை முன் அனுமதி இல்லாமல் கொண்டு போகக் கூடாது.

கைக்குழந்தைக்குப் போகும்போது ஒரு வயது பத்து மாதம். திரும்புவது மூன்று மாதம் கழித்து. டிக்கெட் எப்படிப் போடுவது?
– வாசகி, கருங்கல்

போகும்போது மடியில் வைக்கலாம். திரும்பும் நாளில் இரண்டு வயது நிறைந்திருப்பதால் தனி சீட்டும் சிறுவர் கட்டணமும் உண்டு. ஆன்லைனில் இந்த இரண்டையும் ஒரே டிக்கெட்டில் போட முடியாமல் போகலாம். விமான நிறுவனத்திடமோ ஏஜென்டிடமோ பேசிப் போடுங்கள். விமானம் இறங்கத் தொடங்கும்போது பால் கொடுங்கள், விழுங்க விழுங்கக் காது அடைப்பு குறையும். திருவனந்தபுரத்தில் பன்னாட்டு முனையம் சாக்கைப் பக்கம். சங்குமுகம் பக்கம் இருப்பது உள்நாட்டுக்கு. டிரைவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், மாறிப் போனால் ஓடுபாதையைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும்.