முளையும் உலையும்

அன்புள்ள அண்ணா,

வணக்கம். எடிசனில் இருக்கிறேன். மகள் இங்கே நியூ ஜெர்சியின் மாநிலப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸில் படிக்கிறாள். கிரிக்கெட் தவிர வேறெதுவும் தெரியாத என்னைக் கூடைப்பந்துக்குள் இழுத்துவிட்டவள் அவள்தான். 2024இல் ரட்கர்ஸ் அணிக்கு டிலன் ஹார்ப்பர், ஏஸ் பெய்லி என்று இரண்டு பையன்கள் வருகிறார்கள், நாட்டிலேயே முதல் ஐந்து பேருக்குள் இருப்பவர்கள் என்று ஊரே பேசியது. ஆபீசிலும் அதே பேச்சு, காய்கறிக்கடையிலும் அதே பேச்சு. நானும் நம்பினேன். கடைசியில் 15 வெற்றி, 17 தோல்வி. நாட்டின் கல்லூரிச் சாம்பியனை முடிவு செய்யும் மார்ச் மாதப் போட்டிக்கே அணி போகவில்லை. அப்புறம் பார்த்தால் அதே இருவரையும் தொழில்முறை லீகான என்பிஏ, புது ஆட்டக்காரர்களை எடுக்கும் வரிசையில் இரண்டாவது ஆளாகவும் ஐந்தாவது ஆளாகவும் எடுத்துக்கொண்டது. இவர்கள் நிஜமாகவே நல்ல ஆட்டக்காரர்களா, ஊதிப் பெருக்கப்பட்டவர்களா? அடுத்து வரும் பையன்களைப் பற்றியும் இதே மாதிரி பேச ஆரம்பித்துவிட்டார்கள். நம்பலாமா? நான் டிவி முன்னால் கத்தும்போதெல்லாம் மகள் ‘அவங்க என் வயசுப் பசங்கப்பா’ என்கிறாள்.

அன்புடன்,
ச., நியூ ஜெர்சி

*

அன்புள்ள ச.,

நல்ல ஆட்டக்காரர்கள்தான். அதில் சந்தேகமே வேண்டாம். ஹார்ப்பர் ஆட்டத்துக்குச் சராசரி 19.4 புள்ளி எடுத்தார், பெய்லி 17.6. பதினெட்டு வயதில், பிக் டென் மாதிரி முரட்டு லீகில், இது சின்ன விஷயம் இல்லை. லாஸ் வேகஸில் அடுத்தடுத்த நாட்களில் ஹார்ப்பர் 36, 37 என்று அடித்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். முதல் நாள் நோட்டர் டேமை ஒரே புள்ளியில், கூடுதல் நேரத்தில் ஜெயித்தார்கள். மறுநாள் அலபாமாவிடம் 95-90 என்று தோற்றார்கள். இண்டியானாவில் பெய்லி 39 புள்ளி எடுத்த அன்றும் தோல்விதான்.

அந்த அலபாமா ஆட்டத்தில் எதிரணியில் யார் இருந்தார் என்று கவனித்தீர்களா? கிளிஃப் ஓமோருயி. நான்கு வருஷம் ரட்கர்ஸில் கூடைக்கு அடியில் நின்று, வருகிற பந்தையெல்லாம் தட்டிவிட்ட மனிதர். 2024 கோடையில் அணி மாறிப் போய்விட்டார். அந்தக் கோடை முழுக்க நாம் எல்லோரும் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தோம், யார் வருகிறார்கள் என்று. கொல்லைப்பக்கமாக யார் போகிறார்கள் என்று பார்க்கவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சீசன் ஆரம்பிக்கும் முன்பே ஏபி செய்தி நிறுவனத்தின் தரவரிசைப் பட்டியலில் ரட்கர்ஸுக்கு 25ஆம் இடம் கொடுத்திருந்தார்கள். நவம்பர் முடிவதற்குள் கென்னசா ஸ்டேட்டிடம் 79-77 என்று தோல்வி. அந்தப் பெயரையே அன்றைக்குத்தான் கேள்விப்பட்டதாக ஒரு நண்பர் சொன்னார். டிசம்பரில் பக்கத்து வீட்டுக்காரர்களான பிரின்ஸ்டனிடம் ஒரு புள்ளியில் தோல்வி.

இனி உங்கள் குழப்பத்துக்கு வருகிறேன். அணி தோற்றது, ஆனால் பையன்கள் முதல் ஐந்துக்குள் போனார்கள். இரண்டும் எப்படி ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடியும்?

பள்ளிப் பையன்களுக்கு ஐந்து நட்சத்திரம், நான்கு நட்சத்திரம் என்று போடுகிறவர்கள் தங்களையே கேட்டுக்கொள்ளும் கேள்வி வேறு. இவன் இருபத்தைந்து வயதில் எங்கே இருப்பான்? இந்த உயரம், இந்தக் கை நீளம், இந்த வேகம் எவ்வளவு தூரம் போகும்? விளையும் பயிர் முளையிலே தெரியும் என்கிறோமே, அதுதான் அவர்கள் தொழில். முளையைப் பார்த்துப் பயிரைச் சொல்கிறார்கள். பெரும்பாலும் சரியாகவே சொல்கிறார்கள். நாம் என்ன செய்கிறோம்? முளையைக் காட்டியதும் அன்று ராத்திரிக்கே உலை வைத்துவிடுகிறோம். இந்த மார்ச்சில் எத்தனை ஆட்டம் ஜெயிப்போம் என்று நாம் கேட்கிற கேள்விக்கு அந்த நட்சத்திரத்தில் பதிலே கிடையாது.

பென் சிம்மன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2015-16இல் லூசியானாவின் எல்எஸ்யூ பல்கலைக்கழகத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 19.2 புள்ளி, 11.8 ரீபவுண்ட் (கூடைக்குள் போகாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) எடுத்தார். என்பிஏவுக்கு அந்த வருஷத்தின் முதல் ஆள் அவர்தான். எல்எஸ்யூ மார்ச் போட்டிக்குப் போகவில்லை. அடுத்த வருஷம் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மார்க்கெல் ஃபுல்ட்ஸ், சராசரி 23.2. அவரும் முதல் ஆளாகப் போனார். அணியின் கணக்கு 9 வெற்றி, 22 தோல்வி. பயிற்சியாளர் வேலையை இழந்தார். ஆகவே உங்கள் ரட்கர்ஸுக்கு நடந்தது ஒன்றும் அதிசயம் இல்லை.

‘அப்படியானால் 2012 கென்டக்கி?’ என்று யாராவது கேட்பார்கள். கேட்கட்டும், எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம் அது. அந்தோனி டேவிஸ் முதலாம் ஆண்டு மாணவர், கென்டக்கி 38-2 என்று முடித்துக் கோப்பையை எடுத்தது. ஆனால் இறுதி ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். கான்ஸாஸுக்கு எதிராக டேவிஸ் பத்து ஷாட் எறிந்து ஒன்றைத்தான் உள்ளே போட்டார். மொத்தமே 6 புள்ளி. 16 ரீபவுண்ட், 6 பிளாக் (எதிரணி எறியும் பந்தைத் தட்டிவிடுவது) என்று மற்றதையெல்லாம் செய்தார்; சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே கிடைத்தது, அது நியாயம்தான். புள்ளி எடுத்தது யார்? டோரன் லாம்ப், இரண்டாம் ஆண்டு மாணவர், 22 புள்ளி. அந்த அணியில் டேரியஸ் மில்லர் என்ற நான்காம் ஆண்டு ஆளும் இருந்தார். பத்தில் ஒன்பதைத் தவறவிட்டும் ஒரு பையன் கோப்பையைத் தூக்க முடிந்தது என்றால், அன்றைக்கு அவன் தலையில் முழுப் பாரமும் இல்லை என்றுதான் அர்த்தம். ஹார்ப்பருக்கும் பெய்லிக்கும் அப்படி ஒரு ராத்திரி அமைந்திருந்தால் ரட்கர்ஸ் முப்பது புள்ளியில் தோற்றிருக்கும்.

ஒரு காலத்தில் இந்தப் பிரச்சினையே கிடையாது. 1972 வரை முதலாம் ஆண்டு மாணவர்கள் கல்லூரியின் பிரதான அணியில் ஆடக்கூடாது. அவர்களுக்குத் தனி அணி. 1965 நவம்பரில் லாஸ் ஏஞ்சலஸின் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தின் புது அரங்கில், அந்த முதலாண்டு அணி தன் கல்லூரியின் பிரதான அணியோடு ஒரு ஆட்டம் ஆடியது. பிரதான அணி தொடர்ந்து இரண்டு வருஷம் நாட்டின் சாம்பியன். பையன்கள் 75-60 என்று அடித்துப் போட்டுவிட்டார்கள். லூ ஆல்சிண்டர் என்ற பையன் 31 புள்ளி, 21 ரீபவுண்ட் எடுத்தான். பின்னாளில் கரீம் அப்துல் ஜபார் என்று உலகம் அறிந்தவர். சாம்பியன்களையே புரட்டி எடுத்த அந்தப் பையன், அதற்கப்புறமும் அந்த வருஷம் முழுக்க பிரதான அணிக்கு வெளியேதான் இருந்தான். அடுத்த மூன்று வருஷமும் கோப்பை அவர்களுக்குத்தான். அந்தக் கால ரசிகர்களுக்குப் பொறுமை அதிகம் என்று நான் நினைக்கவில்லை. காத்திருக்கச் சொல்லி ஒரு விதி இருந்தது, அவ்வளவுதான்.

இன்றைக்கு விதி எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. 2006 முதல், என்பிஏவுக்குப் போக பத்தொன்பது வயது ஆகவேண்டும், பள்ளி முடித்து ஒரு வருஷமாவது கழிந்திருக்கவேண்டும். கோபி பிரையன்ட், லெப்ரான் மாதிரி நேராகப் பள்ளியிலிருந்து போக முடியாது. ஆகவே பெரிய திறமைசாலி கல்லூரிக்கு வருவான், ஒரு வருஷம் இருப்பான், போய்விடுவான். அவனுக்கு நிதானமாகக் கற்றுக்கொள்ள நேரமில்லை, நமக்கு நிதானமாகப் பார்க்க நேரமில்லை. அக்டோபரில் வரவேற்பு, ஜனவரியில் ‘இவன் வேஸ்ட்’, ஜூனில் வழியனுப்பு.

போதாக்குறைக்கு இப்போது பணமும் வந்துவிட்டது. 2021 ஜூலையிலிருந்து மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூலையிலிருந்து கல்லூரிகளே நேரடியாகக் கொடுக்கின்றன. ‘காசு வாங்குகிறான் இல்லையா, வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும்’ என்று ஒரு தரப்பு பேசுகிறது. பணம் வந்தது நியாயம்தான் என்பது என் கட்சி. அவர்களை வைத்துத் தொலைக்காட்சியும் கல்லூரிகளும் கோடிகளில் புரண்ட காலத்தில், அவர்களுக்குக் கிடைத்தது உதவித்தொகை மட்டும்தான். ஆனால் காசு கொடுத்தவுடன் பதினெட்டு வயசுப் பையனுக்கு இருபத்திரண்டு வயசுக்காரனின் தோள் வந்துவிடாதே! மீன்கடையில் எடை சரிபார்க்கிற மாதிரி நாம் அவனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டோம் என்பதுதான் எனக்கு உறுத்தல்.

ரட்கர்ஸ்காரர்கள் மீது எனக்குக் கொஞ்சம் பரிவும் உண்டு. 1976இல் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் கடைசி நான்கு அணிகளுக்குள் போன கல்லூரி அது. அப்புறம் 1991க்கும் 2021க்கும் நடுவில் முப்பது வருஷம் மார்ச் போட்டிப் பக்கமே போகவில்லை. பிஸ்கட்டவேயில் அவர்களுடைய அரங்கம் எட்டாயிரம் பேருக்குத்தான் இடம் கொடுக்கும். அதன் வடிவத்தை வைத்து ரசிகர்கள் சூட்டிய பட்டப்பெயரைத் தமிழில் ‘திகில் சரிவகம்’ என்று சொல்லலாம். ஜியாமெட்ரி வகுப்பில் அப்படிச் சொல்லிக் கொடுத்திருந்தால் எனக்கு மார்க் வந்திருக்கும். அப்படிப் பசித்துக் கிடந்த ஊரில், ஹார்ப்பர் சொந்த மாநிலத்துப் பையன், அண்ணன் ரான் ஹார்ப்பர் ஜூனியர் அங்கேயே ஆடி 2021இல் முதலிடத்தில் இருந்த பர்டியூவைக் கடைசி நொடியில் சாய்த்தவர். எதிர்பார்க்காதே என்று அந்த ஊரிடம் யார் சொல்ல முடியும்?

சரி, அடுத்து வருகிறவர்களை நம்பலாமா? நம்புங்கள், ஆனால் வேறு கேள்வி கேளுங்கள். புதுப்பையன் எத்தனை நட்சத்திரம் என்று யாராவது ஆரம்பித்தால், அவனோடு ஆடப்போகும் மூன்றாம் ஆண்டு, நான்காம் ஆண்டு ஆட்கள் யார் என்று கேளுங்கள். கூடைக்கு அடியில் யார் நிற்பார்? வெளியிலிருந்து மூன்று புள்ளி போட யார் இருக்கிறார்கள்? பதில் தெளிவாக வந்தால் தைரியமாக டிக்கெட் எடுங்கள். வராவிட்டாலும் எடுங்கள். அந்தச் சரிவகத்துச் சத்தத்தை டிவியில் கேட்க முடியாது.

நவம்பர் மாத ஆட்டங்களை வைத்து மட்டும் யாரையும் எடை போடாதீர்கள். 2010இல் ஹாரிசன் பார்ன்ஸ், ஒரு கல்லூரி ஆட்டம்கூட ஆடாமலேயே நாட்டின் சிறந்த ஆட்டக்காரர் பட்டியலான ஏபியின் அகில அமெரிக்க அணியில் பெயர் போடப்பட்ட முதல் முதலாம் ஆண்டு மாணவர். ஆரம்ப வாரங்களில் பந்து உள்ளே போகவே இல்லை. மார்ச்சில் கிளெம்சனுக்கு எதிராக 40 அடித்தார். இன்னொருவரைப் பெரிய கல்லூரிகள் சீந்தவே இல்லை, ஒல்லி என்று சொல்லிவிட்டன. டேவிட்சன் என்ற சின்னக் கல்லூரிக்குப் போனார். 2006இல் தன் முதல் ஆட்டத்தில் 13 முறை பந்தை எதிரணியிடம் பறிகொடுத்தார். அடுத்த ஆட்டத்தில் 32 புள்ளி. பெயர் ஸ்டெஃபன் கரி. அந்த முதல் ராத்திரி நீங்களும் நானும் டிவி முன்னால் இருந்திருந்தால் என்ன கத்தியிருப்போம் என்று உங்கள் மகளிடம் கேட்டுப் பாருங்கள்.