ஜப்பானியப் போக்கர் ஆட்டக்காரர்: கேள்வி பதில்

ஆசியாவில் நடக்கும் போக்கர் சீட்டாட்டப் போட்டிகளைப் பல ஆண்டுகளாகக் கவனித்துவருகிறேன். ஜப்பானிய ஆட்டக்காரர்களைப் பற்றி வந்த கேள்விகளுக்குத் தெரிந்த மட்டும் பதில் சொல்கிறேன்.

கேள்வி: தொழிலாகவே ஆடுகிறவர் ஏன் மணிலா, தென்கொரியாவின் இஞ்சியோன், ஜெஜு என்று அலைகிறார்? சொந்த ஊரில் ஆடக் கூடாதா?

பதில்: ஆடலாம், பணத்துக்கு ஆடக் கூடாது. ஜப்பானியக் குற்றவியல் சட்டத்தின் 185ஆம் பிரிவுப்படி சூதாடினால் 5 லட்சம் யென் வரை அபராதம். அதையே வழக்கமாகக் கொண்டவருக்கு 186ஆம் பிரிவில் 3 ஆண்டுவரை சிறை. டோக்கியோ போக்கர் விடுதிகளில் மேசை, சீட்டுப் போடும் டீலர், பந்தயம் கட்டும் சில்லு எல்லாம் உண்டு. ஆட்டம் முடிந்ததும் எதிரே மலையாகக் குவிந்திருக்கும் சில்லுகளை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். வேடிக்கை என்னவென்றால், தென்கொரியாவில் காங்வொன் லேண்ட் தவிர மற்றக் காசினோக்களில் கொரியருக்கு இடமில்லை. இஞ்சியோன் மேசையில் ஜப்பானியர் உட்காரலாம், உள்ளூர்க்காரர் உட்கார முடியாது.

கேள்வி: எவ்வளவு சம்பாதிப்பார்?

பதில்: பட்டியல்களில் காணும் 'மொத்தப் பரிசு' வருமானம் அல்ல. கட்டிய நுழைவுக் கட்டணம் அதில் கழிக்கப்பட்டிருக்காது. ஆண்டுக்கு 80 போட்டி, ஒன்றுக்கு 1,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். கட்டணமே 80,000 டாலர். பரிசு 1 லட்சம் என்றால் மிஞ்சுவது 20,000. விமானமும் விடுதி அறையும் அதிலிருந்துதான். தன் ஆட்டத்தில் பாதிப் பங்கை முன்கூட்டியே பிறருக்கு விற்றிருந்தால் லாபத்திலும் பாதிதான் அவருடையது.

கேள்வி: சிறு உலோகக் குண்டுகளை ஓடவிடும் பச்சிங்கோ இயந்திர ஆட்டத்தில் மட்டும் பணம் கிடைக்கிறதே?

பதில்: நல்ல கேள்வி. பச்சிங்கோக் கூடமும் பணம் தருவதில்லை. டோக்கியோவில் பிளாஸ்டிக் உறைக்குள் சிறு தங்கத் துண்டைப் பரிசாகத் தரும். அருகிலுள்ள ஒரு சின்னச் சன்னலில் அதை நீட்டினால் வேறொரு கடை பணம் கொடுத்து வாங்கிக்கொள்ளும். மொத்த வியாபாரி வழியாக அதே துண்டு கூடத்துக்கே திரும்பும். போக்கர் விடுதிக்கு எந்தப் பரிசும் தர அனுமதியில்லை.

கேள்வி (அவரே): அப்படியானால் சட்டமே பாசாங்குதானே?

பதில்: சன்னலைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் கூடம், கடை, மொத்த வியாபாரி மூவரும் தனித்தனி என்பதுதான் அந்த ஏற்பாட்டின் உயிர்.

கேள்வி (மறுபடியும் அவரே): போக்கருக்கும் மூன்று கடை திறந்தால் போயிற்று!

பதில்: முதல் கடைக்கே பரிசு தர உரிமையில்லை என்றேனே. தங்கத் துண்டு எங்கிருந்து வரும்? அதனால்தான் உள்நாட்டுப் பெரிய போட்டிகளில் விளம்பரதாரர் செலவில் வெளிநாட்டுப் போட்டிக்கான பயணம் பரிசாகிறது. ஆள் விமானம் ஏறியே ஆக வேண்டும்.

கேள்வி: ஒரு ஜப்பானியரின் ஆண்டு வருமானம் என்ன?

பதில்: மேலே.

கேள்வி: வீட்டிலிருந்தே இணையத்தில் ஆடலாமே?

பதில்: கூடாது. தளம் எந்த நாட்டில் உரிமம் பெற்றிருந்தாலும், ஜப்பானில் உட்கார்ந்து பணம் கட்டி ஆடினால் குற்றம்.

கேள்வி: உலக அளவில் வென்றவர் உண்டா?

பதில்: டோக்கியோ பல்கலைக்கழகத்தில் படித்த நவோயா கிஹாரா, 2012இல் லாஸ் வேகாஸில் நடந்த போக்கர் உலகத் தொடரில், போட்டியில் வென்றவருக்குத் தரும் கைக்காப்பைப் பெற்ற முதல் ஜப்பானியர். ஆளுக்கு நான்கு சீட்டு தரும் ஒமாஹா ஆட்டம். பரிசு 5,12,029 டாலர். (பரிசு என்றேன், வருமானம் என்று சொல்லவில்லை.)

கேள்வி: ரம்மியில் ஜெயிப்பது எப்படி?

பதில்: எனக்குத் தெரியாத ஆட்டம்.

கேள்வி: ஒசாகாவில் 2030இல் காசினோ திறக்கப்போகிறார்களே, அலைச்சல் தீருமா?

பதில்: சந்தேகம்தான். ஜப்பானில் வசிக்கும் ஜப்பானியருக்கு 24 மணி நேரத்துக்கு 6,000 யென் நுழைவுக் கட்டணம். 7 நாளில் 3 முறை, 28 நாளில் 10 முறைதான் அனுமதி. பெரிய போட்டிகளோ நான்கைந்து நாள் நடப்பவை. இறுதி மேசைக்குத் தகுதி பெற்றவர் நான்காம் நாள் வாசலில் நிற்க வேண்டிவரும்.

கேள்வி: சரி, மாதம் எவ்வளவு வரும்?

பதில்: 80 போட்டிக் கணக்கை முதலில் படியுங்கள்.