தீபாவளிக்கு ஆசாரமான பெரியப்பா வருகிறார்

கேள்வி: கும்பகோணத்தில் இருக்கிறோம். தீபாவளிக்கு மயிலாடுதுறை மாமியார் வீட்டில் எல்லாரும் கூடுவோம். கணவரின் பெரியப்பா ரொம்ப ஆசாரம். போன வருஷம் என் 14 வயது மகள் வீட்டு விலக்கு என்று தெரிந்ததும் பின்கட்டில் போய் உட்காரச் சொல்லிவிட்டார். இந்த முறை வரமாட்டேன் என்கிறாள். என்ன செய்வது?

பதில்: அவர் தன் அளவில் கடைப்பிடிப்பது வேறு, அடுத்தவரை எங்கே உட்காரலாம் என்று சொல்வது வேறு. முதலாவதில் தாராளமாக விட்டுக்கொடுங்கள். ஐப்பசியில் துலா ஸ்நானம் செய்பவர் என்றால் விடியும் முன்பே காவிரிக்குப் போய்விடுவார். தீபாவளியன்றோ மறுநாளோ அமாவாசை. தர்ப்பணம் முடியாமல் சாப்பிடமாட்டார். வெங்காயம், பூண்டு இல்லாமல் சமைத்து அவருக்கு முதல் இலை போட்டுவிட்டால் பாதி உரசல் கிளம்பாது. ஒரு வேளை பூண்டு இல்லையென்றால் யாரும் இளைத்துவிடமாட்டார்கள்.

இரண்டாவதில் இறங்கிப் போகாதீர்கள். ஆனால் பேச வேண்டியவர் உங்கள் கணவர். மருமகள் சொன்னால் எதிர்த்துப் பேசுகிறாள் என்பார்கள், தம்பி மகன் சொன்னால் காது கொடுப்பார்கள். நியாயமில்லைதான், நடப்பு அப்படி. வீடு மாமியாருடையது என்பதால் முதலில் அவரைச் சம்மதிக்க வையுங்கள். பிறகு பண்டிகைக்கு முன்பே, தனியாக, கணவர் இப்படிச் சொல்லட்டும்: “பெரியப்பா, உங்க ஆசாரத்துக்கு ஒரு குறையும் வராது. ஆனா பிள்ளையைத் தள்ளி உட்கார வைக்கமாட்டோம்.”

சாஸ்திரம் என்று ஆரம்பித்தால் விஞ்ஞானம் பேசாதீர்கள், எடுபடாது. உங்கள் மாமியார் ஊர்க் கதையே இருக்கிறது. ஐப்பசி கடைசி நாள் காவிரியில் முழுகும் கடைமுகத்துக்கு வந்துசேர முடியாத முடவனுக்காக, கார்த்திகை முதல் தேதி முழுக்குக்கும் அதே பலனைச் சிவன் கொடுத்தார் என்பதுதானே முடவன் முழுக்கு? ஒருமுறை சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள்.

அப்புறம், மகளுக்கு வீட்டு விலக்கு என்று பெரியப்பாவிடம் சொன்னது யார்? அந்தப் பேச்சை நிறுத்தச் சொல்லுங்கள். அது அவள் விஷயம், கூடத்தில் அறிவிக்க வேண்டியதில்லை. செய்திருக்கும் ஏற்பாட்டை அவளிடம் விளக்கிவிட்டு, வருவதா வேண்டாமா என்ற முடிவை அவளிடமே விடுங்கள்.

பெரியப்பா ஒத்துவரவில்லையா? சரி, எண்ணெய்க் குளியலையும் பட்டாசையும் கும்பகோணத்திலேயே முடித்துக்கொண்டு, மதியத்துக்கு மேல் போய் மாமியாரை நமஸ்கரித்துவிட்டு அன்றே திரும்பிவிடுங்கள். காரணத்தை மட்டும் மறைக்காமல் கணவரே பெரியப்பாவிடம் சொல்லிவிட வேண்டும்.