தடுப்பூசி கொடுத்த எட்டாம் நாளில் ஐபி பாசிட்டிவ்: மருந்தை மாற்றலாமா?

கேள்வி: 5,000 பிராய்லர் வளர்க்கிறேன். பொரிப்பகத்திலேயே ஐபி (கோழிகளின் மூச்சுக்குழாயைத் தாக்கும் வைரஸ் நோய்) தடுப்பூசியை ஸ்ப்ரே அடித்துத்தான் குஞ்சு வந்தது. 14ஆம் நாள் தண்ணீரில் எச்120 என்ற ஐபி தடுப்பூசி கொடுத்தோம். 20ஆம் நாளிலிருந்து ராத்திரியில் குறட்டைச் சத்தம். தினமும் 25, 30 சாகிறது. 22ஆம் நாள் தொண்டையில் ஸ்வாப் (பஞ்சுக்குச்சி மாதிரி) எடுத்து அனுப்பியதில் பிசிஆர் (வைரஸின் மரபணுவைத் தேடும் சோதனை) ஐபி பாசிட்டிவ். அடுத்த பேட்ச்சுக்கு 4/91 என்ற வேறு ஐபி தடுப்பூசி போடச் சொல்கிறார்கள். மாற்றலாமா? (காரிமங்கலம், தர்மபுரி மாவட்டம்)

பதில்: அந்த ஒரு ரிப்போர்ட்டை வைத்து மாற்றாதீர்கள். 14ஆம் நாள் நீங்கள் கொடுத்ததே உயிருள்ள ஐபி வைரஸ்தான். மூச்சுக்குழாயில் பெருகித்தான் அது எதிர்ப்பைத் தூண்டும். இரண்டு மூன்று வாரம் ஸ்வாபில் தென்படும். வழக்கமான பிசிஆர் எல்லா ஐபி வைரஸிலும் மாறாமல் இருக்கும் பகுதியைத் தேடுவது. எட்டாம் நாளில் நெகட்டிவ் வந்திருந்தால்தான் கோழிகள் மருந்துத் தண்ணீரைக் குடித்தனவா என்று சந்தேகம் வர வேண்டும்.

எந்த ஐபி என்பதை எஸ்1 ஜீனைப் படித்தால்தான் தெரியும். வைரஸின் மேல் முள்ளில் அதிகம் மாறும் பகுதி அது. நீளம் ஏறக்குறைய 1,600 எழுத்து. எச்120 இருப்பது ஜிஐ-1 வகையில், 4/91 ஜிஐ-13இல். இந்தியாவில் மட்டும் பிரித்தறிந்த ஜிஐ-24 என்றொரு வகையும் உண்டு. ஆய்வகத்துக்கு அனுப்பும்போது "எஸ்1 சீக்வென்சிங் வேண்டும்" என்று எழுதிக் கேளுங்கள்; போட்ட தடுப்பூசியின் பெயர், பேட்ச் எண், போட்ட தேதிகளையும் சேர்த்து எழுதுங்கள். எதோடு ஒப்பிடுவது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டுமே.

மாதிரி எடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒரே ஸ்வாபில் தடுப்பூசி வைரஸும் வெளி வைரஸும் கலந்திருந்தால், எது அதிகமோ அதுதான் ரிப்போர்ட்டில் வரும். உங்கள் கணக்கில் அது பெரும்பாலும் தடுப்பூசிதான். அதனால் தொண்டையோடு நிறுத்தாதீர்கள். அன்று காலை செத்த அல்லது சாகும் நிலையில் உள்ள நான்கைந்து கோழிகளைக் கால்நடை மருத்துவர் அறுக்கட்டும். சிறுநீரகம் வீங்கி வெளிறி, சிறுநீர்க் குழாயில் சுண்ணாம்புக் கோடு போல யூரேட் (சிறுநீர் உப்பு) தெரிந்தால் அந்தச் சிறுநீரகத்தையும், குடல்வால் டான்சிலையும் (குடல்வால் தொடங்கும் இடத்தில் உள்ள நோய் எதிர்ப்புத் திசு) தனித்தனி டப்பாவில் எடுங்கள். மூச்சுக்குழாயோடு கலக்கக் கூடாது. புதிதாக நோய் கண்ட 10 கோழிகளிடம் தொண்டை ஸ்வாபும் வேண்டும். பாலியஸ்டர் முனை உள்ளதே சரி, மரக்குச்சிப் பஞ்சு பிசிஆரைக் கெடுக்கும். ஐஸ் பெட்டியில் 24 மணி நேரத்துக்குள் போய்ச் சேரட்டும். வீட்டு ஃப்ரீசரில் உறைய வைத்து, இளக்கி, மறுபடி உறைய வைத்தால் வைரஸின் மரபுப் பொருளான ஆர்என்ஏ சிதைந்துவிடும்.

ஒரே நாளில் கூட்டமாகச் செத்தால், கொண்டை நீலம் பாய்ந்தால் அறுக்கவே வேண்டாம், பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். முதலில் கால்நடைப் பராமரிப்புத் துறைக்குச் சொல்லுங்கள்.

வெள்ளைக் கழிச்சலையும் கூடவே பார்க்கச் சொல்லுங்கள். அந்த வைரஸின் எஃப் ஜீனில் 'வெட்டுமிடம்' என்ற சிறு பகுதி, லசோட்டா தடுப்பூசி வைரஸையும் கொல்லும் வைரஸையும் பிரித்துக் காட்டிவிடும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ ஓசூர் மத்திகிரியில் உள்ள கோழியின உற்பத்தி மற்றும் மேலாண்மைக் கல்லூரியிலோ எந்தச் சோதனை எங்கே நடக்கும் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எஸ்1 எச்120-ஐ அச்சாக ஒத்து, சிறுநீரகத்திலும் வேறு வைரஸ் இல்லையென்றால், பழுது பெரும்பாலும் கொட்டகையில்தான். பாதிக் கோழிக்கு மட்டும் மருந்து போயிருந்தால் தடுப்பூசி வைரஸ் கோழி விட்டுக் கோழி தாவிக்கொண்டே இருக்கும். சளி வாரக்கணக்கில் நீளும். மருந்து கலக்கும் தண்ணீரில் குளோரின் துளியும் கூடாது, லிட்டருக்கு 2.5 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் முதலில் கலந்துவிட்டு மருந்தை ஊற்றுங்கள். ஒன்றரை மணி நேரம் தண்ணீரை நிறுத்தித் தாகம் காட்டி, இரண்டு மணி நேரத்துக்குள் குடித்து முடிக்கும் அளவே வையுங்கள். குளிருக்குப் பயந்து திரையை முழுக்க இறக்கினால் அம்மோனியா சேரும். உள்ளே போனதும் கண் எரிந்தால் மூச்சுக்குழாயின் மென்மயிர்கள் ஏற்கெனவே கருகத் தொடங்கிவிட்டன என்று பொருள்.

சிறுநீரகத்தில் 4/91 வகை வைரஸ் உறுதியானால் மட்டும் 4/91 பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். எச்120, 4/91 இரண்டையும் சேர்த்துப் போட்டால் சில வேறு வகைகளுக்கும் ஓரளவு காப்பு கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் இல்லாத வைரஸை உயிரோடு பண்ணைக்குள் கொண்டுவந்தால் அது அங்கேயே தங்கலாம், இருப்பதோடு கலந்து புது வகையும் பிறக்கலாம்.

இப்போதைக்குத் தண்ணீரில் எலக்ட்ரோலைட், இரவில் கதகதப்பு, பகலில் காற்றோட்டம். ஆன்டிபயாட்டிக் ஐபியைத் தொடாது. அறுத்துப் பார்த்ததில் இ.கோலி பாக்டீரியா சேர்ந்திருப்பது தெரிந்தால் மட்டும் மருத்துவர் எழுதித் தருவார்.