நெல்லா லார்சன்: சில கேள்விகள், என் பதில்கள்

கேள்வி: நெல்லா லார்சனை அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் என்கிறீர்கள். லார்சன் டென்மார்க் பெயராயிற்றே?

பதில்: அம்மா டென்மார்க்கிலிருந்து சிகாகோவுக்குக் குடியேறியவர். அப்பா, அன்றைய டேனிஷ் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த கலப்பினத்தவர். 1891-இல் பிறந்த குழந்தைக்கு நெல்லி வாக்கர் என்று பெயர். அப்பா சீக்கிரமே இல்லாமல் போக, அம்மா ஒரு வெள்ளை டேனிஷ்காரரைக் கட்டிக்கொண்டார். லார்சன் அவருடைய பெயர்தான். அப்புறம் ஒரு தங்கையும் பிறந்தாள். அந்த வீட்டில் நிறம் வேறாக இருந்தவர் நெல்லா மட்டுமே. அவருடைய எழுத்து அங்கேதான் வேர்விட்டது என்று நினைக்கிறேன்.

கேள்வி: எழுதியது இரண்டே நாவல். அதற்கா இவ்வளவு பேச்சு?

பதில்: ஆமாம், 1928-இல் 'குயிக்சாண்ட்', 1929-இல் 'பாஸிங்', இரண்டும் சின்ன நாவல்கள். 'பாஸிங்'கில் ஒரு தேநீர்க் காட்சி வரும். கறுப்பினத்தவள் என்பதை மறைத்து வெள்ளையனை மணந்த கிளேர், பழைய தோழிகள் இருவரை அழைத்திருக்கிறாள். கணவன் உள்ளே வருகிறான். கறுப்பரை இழிவாகச் சொல்லும் வார்த்தையையே மனைவிக்குச் செல்லப்பெயராக வைத்திருக்கிறான்; அவள் நாளுக்கு நாள் கறுத்துக்கொண்டே போகிறாளாம்! கறுப்பர் என்றாலே வெறுப்பு என்று அவன் பேசப் பேச, எதிரே இருக்கும் மூன்று பெண்களும் கறுப்பினத்தவர். தோழிகளில் ஒருத்தியான ஐரீன் அடக்கமாட்டாமல் சிரிக்கிறாள். பயமும் அவமானமும் கோபமும் அந்தச் சிரிப்பிலேயே இருக்கின்றன. இதை எழுத ஆயிரம் பக்கம் தேவைப்படவில்லை அவருக்கு.

கேள்வி: 'குயிக்சாண்ட்' சுயசரிதையா?

பதில்: பாதி வரை. நாயகி ஹெல்காவுக்கும் டேனிஷ் அம்மா. அவளும் கோபன்ஹேகன் போகிறாள். அங்கே உறவினர்கள் பளபளக்கும் உடைகளைப் போட்டு அவளைக் காட்சிப்பொருளாக்குகிறார்கள். கடைசியில் அவள் போய்ச் சிக்கும் அலபாமா கிராமத்து வாழ்க்கை கற்பனை.

கேள்வி: கதையைத் திருடினார் என்று படித்தேனே?

பதில்: 1930-இல் வந்த சிறுகதை ஒன்று, ஆங்கில எழுத்தாளர் ஷீலா கே-ஸ்மித்தின் கதையை ஒத்திருந்தது உண்மை. மருத்துவமனையில் ஒரு நோயாளி சொல்லிக் கேட்டது என்று விளக்கம் தந்தார். வெளியிட்ட பத்திரிகை அவர் பக்கம் நின்றது. அதே ஆண்டு எழுத்தாளர்களுக்கு உதவும் குகன்ஹைம் நல்கையும் கிடைத்தது. ஆனால் அதன்பின் அவர் நாவல் எதுவும் அச்சேறவில்லை.

கேள்வி: கடைசியில் நர்ஸ் வேலைக்குப் போய், யாருக்கும் தெரியாமல் இறந்தாராமே. பாவம்.

பதில்: 'பாவம்' வேண்டாமே. நர்ஸ் வேலை எழுத்துக்கு முன்பே அவருடைய தொழில். 1915-இல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் பயிற்சி முடித்தவர். 1918 இன்ஃப்ளுயன்சா கொள்ளைநோய்க் காலத்தில் நியூயார்க்கில் வேலை பார்த்தார். நியூயார்க்கில் கறுப்பினத்தவர் நிறைந்த ஹார்லெம் பகுதியின் நூலகத்தில் பணியாற்றியதும் நாவல்கள் எழுதியதும் அப்புறம்தான். 1933-இல் மணமுறிவு. 1944 முதல் 1964-இல் இறக்கும்வரை மறுபடியும் நர்ஸ். எழுத்து நின்றது நமக்குப் பெரிய நஷ்டம், சந்தேகமே இல்லை. ஆனால் நோயாளிகளைக் கவனித்துக்கொண்ட அந்த இருபது வருடங்களைத் தோல்விக் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: எதை முதலில் படிக்கலாம்?

பதில்: 'பாஸிங்'. 2021-இல் ரெபெக்கா ஹால் அதைக் கறுப்பு-வெள்ளைப் படமாக எடுத்திருக்கிறார். நாவலைப் படித்துவிட்டுப் பாருங்கள். முடிவில் ஜன்னல் ஓரத்தில் என்னதான் நடந்தது என்று உங்களுக்குப் பட்டதை எனக்கு எழுதுங்கள்.