கேஸ் எங்கே நிற்கிறது? சென்னை கோர்ட் கேள்வி பதில்

வியாசர்பாடி வாசகர்: சார், சிட்டி சிவில் கோர்ட்டில் அம்மாவின் வீட்டு வழக்கு 4 வருஷமாக இழுக்கிறது. கேட்கும்போதெல்லாம் வக்கீல் "ஜட்ஜ் லீவு" என்கிறார். நம்பலாமா?

பதில்: நம்பவும் வேண்டாம், சந்தேகப்படவும் வேண்டாம். நீங்களே பார்த்துவிடலாம். வழக்குக்கு 16 இலக்க சி.என்.ஆர். எண் (அந்த வழக்குக்கு மட்டுமேயான அடையாள எண்) இருக்கும். அதை இ-கோர்ட்ஸ் ஆப்பில் போட்டால் வாய்தா தேதிகள் வரிசையாக வரும். ஒவ்வொரு தேதியையும் தொட்டால் அன்றைய குறிப்பு திறக்கும்.

அந்தக் குறிப்பில்தான் விஷயமே இருக்கிறது. 'பி.ஓ. ஆன் லீவ்' என்றால் நீதிபதி விடுப்பு, வக்கீல் சொன்னது சரி. 'பேட்டா டியூ' என்றால் எதிராளிக்குச் சம்மன் அனுப்பும் கட்டணத்தை உங்கள் தரப்பு இன்னும் கட்டவில்லை. சில நூறு ரூபாய்க்குக்கூடப் பெறாத இந்தப் பாக்கியில் மாதக்கணக்கில் தூங்கும் வழக்குக் கட்டுகள் உண்டு. 'கவுன்டர்' என்றால் எதிர் மனுவுக்குக் காத்திருக்கிறார்கள். 'ஸ்டெப்ஸ்' என்றால் உங்கள் பக்கம்தான் ஏதோ பாக்கி: புது முகவரி தருவதாகவோ, இறந்த பிரதிவாதியின் வாரிசுகளைச் சேர்ப்பதாகவோ இருக்கலாம். வாரிசு விஷயத்தில் அசட்டை வேண்டாம். 90 நாளுக்குள் மனு போடாவிட்டால் அந்தப் பிரதிவாதியைப் பொறுத்தவரை வழக்கு அற்றுப்போகும்.

ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டு, ஒவ்வொரு வாய்தாவும் யாரால் போனது என்று எழுதுங்கள்: நம்மால், அவர்களால், கோர்ட்டால். விசாரணை தொடங்கிய பின் ஒரு தரப்புக்கு 3 வாய்தாவுக்கு மேல் கூடாது என்று சிவில் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை என்பதே நடைமுறை. எதிர்த்தரப்புக் கட்டம் நிறைந்திருந்தால், தேதிகளைக் குறிப்பிட்டு ஒரு மெமோ (கோர்ட்டுக்கு எழுத்துக் குறிப்பு) போட்டு, செலவுத்தொகை விதிக்கச் சொல்லி உங்கள் வக்கீல் கேட்கலாம்.

அதே வாசகர்: "6 மாதத்தில் முடி" என்று ஹைகோர்ட்டில் உத்தரவு வாங்கலாமா?

பதில்: அரசியல் சாசனத்தின் 227-வது பிரிவில் சீராய்வு மனு போடுவார்கள். ஆனால் அசாதாரண சூழலில் தவிர இப்படிக் கெடு விதிக்கக் கூடாது என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முதியவர், தீராத நோய் போன்ற காரணத்தை ஆவணத்தோடு காட்டினால்தான் எடுபடும். அந்த மூன்று கட்டத் தாள் இங்கேயும் உதவும்.

பெரம்பூர் வாசகி: சம்மனே வரவில்லை, நான் ஆஜராகவில்லை என்று எக்ஸ்பார்ட்டி ஆக்கி டிக்ரி (தீர்ப்பாணை) வாங்கிவிட்டார்கள்!

பதில்: முதல் வேலை, வழக்குக் கட்டிலிருந்து அமீனாவின் (சம்மன் கொண்டுவரும் கோர்ட் ஊழியர்) அறிக்கைக்கு நகல் மனு போடுங்கள் அம்மா. "கதவில் ஒட்டப்பட்டது" என்று எழுதியிருந்தால் கதவு எண், தேதி, சாட்சிக் கையெழுத்து மூன்றையும் பாருங்கள். பழைய கதவு எண்ணும் புது எண்ணும் குழம்புவது இந்த ஊரில் சகஜம். அந்தத் தேதியில் நீங்கள் வேறு முகவரியில் இருந்ததற்கு வாடகை ஒப்பந்தமோ சமையல் கேஸ் பில்லோ போதும். சம்மன் முறையாகச் சேராவிட்டால், டிக்ரி பற்றித் தெரிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அதை ரத்து செய்ய மனு. எப்படித் தெரியவந்தது என்பதைப் பிரமாணப் பத்திரத்தில் தேதியோடு எழுதுங்கள். அந்த 30 நாளை விட்டால் தாமதத்தை மன்னிக்கத் தனி மனு, தனி வாய்தா.

சைதாப்பேட்டை வாசகர்: நீதிபதி ஒருதலைப்பட்சமாக நடக்கிறார். எங்கே புகார் செய்வது?

பதில்: தீர்ப்போ உத்தரவோ தப்பு என்றால் அது மேல்முறையீட்டுக்கோ சீராய்வுக்கோ உரியது. அதைப் புகாராக எழுதினால் கோப்பில் போட்டு மூடுவார்கள். லஞ்சம், வசைச்சொல், வாதம் முடிந்தும் தீர்ப்புச் சொல்லாமல் வைத்திருப்பது (சிவிலில் அதிகபட்சம் 60 நாள்) போன்ற நடத்தை என்றால் ஹைகோர்ட் விஜிலென்ஸ் பதிவாளருக்கு எழுதுங்கள். வெறும் கடிதம் வேலைக்காகாது. சத்தியப் பிரமாணப் பத்திரமும், சரிபார்க்கக்கூடிய ஆதாரமும் சேர வேண்டும். மொட்டைக் கடுதாசி குப்பைக்கூடைக்குத்தான் போகும்.

தண்டையார்பேட்டை வாசகர்: நகல் தர ஊழியர் பணம் கேட்கிறார். கொடுத்துத் தொலைத்துவிட்டேன்.

பதில்: ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பின் கொடுப்பதும் குற்றம். கட்டாயப்படுத்தப்பட்டுக் கொடுத்திருந்தால் 7 நாளுக்குள் லஞ்ச ஒழிப்புத் துறையில் சொல்லிவிட்டால் தப்பலாம். இனி, கேட்ட உடனேயே போங்கள். மற்றபடி நகல் மனு எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எண் இல்லாத மனு தொலைந்தால் கேட்க நாதியில்லை.

அண்ணா நகர் வாசகி: ஃபீஸ் பாக்கி என்று பழைய வக்கீல் கேஸ் கட்டைத் தர மறுக்கிறார்.

பதில்: ஃபீஸுக்காகக் கட்டைப் பிடித்து வைக்கும் உரிமை வக்கீலுக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-இலேயே சொல்லியிருக்கிறது. பதிவுத் தபாலில் கேளுங்கள். மறுத்தால் ஹைகோர்ட் வளாகத்திலுள்ள பார் கவுன்சிலில் புகார் கொடுங்கள். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகாதீர்கள், வக்கீல் மீதான புகாருக்கு 2024-இல் அந்தக் கதவு மூடப்பட்டுவிட்டது. புது வக்கீலுக்குக் காசில்லையென்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழு வக்கீலைத் தரும். பெண் என்பதால் உங்களிடம் வருமான வரம்பு பார்க்கக் கூடாது. 15100-ஐ அழையுங்கள்.